புதன்கிழமைகளில் மூடிக்கொள்ளும் கதவு

என் மகளின் முதல் சொல் 'மா'. இரண்டாவது சொல் 'ஆமேன்'. நடுவில் ஒன்பது வருடம் கிடந்தது.

அந்த ஒன்பது வருடமும் வாய்க்கு வந்ததையெல்லாம் அவள் முன்னால் நீட்டிப் பார்த்தவள் நான். பூ, நாய், சோறு, மழை, முருகா, மாமா. அவள் என் உதட்டைப் பார்ப்பாள், விரலால் தொடுவாள், சிரிப்பாள், போய்விடுவாள். பிறகு மாத்தளை டவுனுக்கு மேலே ஏறும் சரிவில், கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். சேர்த்த மூன்றாம் மாதம், ஒரு பின்னேரம், குழாயடியில் கை கழுவிவிட்டு, ஈரக் கைகளைச் சேர்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஆமேன்."

சந்தோஷப்பட்டேனா என்றால், பட்டேன். அடுப்படிக்குள் போய் அழுதேன். அழுது முடித்து முந்தானையால் கண்ணைத் துடைக்கும்போதே சந்தேகம் வந்து பக்கத்தில் குந்திக்கொண்டது. என்னால் கொடுக்க முடியாத சொல்லை இவர்கள் மூன்று மாதத்தில் கொடுத்திருக்கிறார்கள். பதிலுக்கு என்ன கேட்பார்கள்?

அவளுக்கு டவுன் சிண்ட்ரோம். இப்போது பன்னிரண்டு வயது. அவள் அப்பா கட்டாரில் லொறி ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமைகளில் போனில் முகம் காட்டுவார், "நீ பாத்து செய்யி" என்பார். நான் ரத்தோட்டை ரோட்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு சாரி ஜாக்கெட் தைக்கிறேன். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தோம். ஒன்றில், மற்றப் பிள்ளைகள் பயப்படும் என்றார்கள். மற்றதில் கடைசி வாங்கில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தபடியே நாலு வருடம் போனது.

அண்ணன் ரிவர்ஸ்டன் போகும் வழியில் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. எங்கள் வீட்டில் எந்த முடிவும் அவர் காதைத் தாண்டித்தான் வரவேண்டும்.

"வேதக்காரங்க பள்ளிக்கூடமா?" என்றார். "புள்ளைக்கு சோத்தப் போட்டு சாமிய மாத்திருவாங்க தங்கச்சி."

"அவளுக்கு எந்த சாமின்னே தெரியாதேண்ணே. எதை மாத்துவாங்க?"

"அதான் அவங்களுக்கு லேசு."

நான் அவளை அங்கே சேர்த்தது ஆனா ஆவன்னாவுக்காக அல்ல. ஒரே ஒரு காரியத்துக்காக. அவள் உடம்பு மற்றப் பிள்ளைகளின் உடம்பைப் போலவே வளர்ந்துகொண்டிருந்தது. இன்றோ நாளையோ பெரியபிள்ளையாகிவிடுவாள். மாதாமாதம் வரப்போகிற அந்த நாட்களில் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள அவளுக்குத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் அண்ணன் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்.

"கண்டியில ஒருத்தர்கிட்ட விசாரிச்சேன். கர்ப்பப்பைய எடுத்துட்டா ஒரு தொல்லையும் இல்லையாம். புள்ளைக்கும் நிம்மதி, ஒனக்கும் நிம்மதி."

அவர் கெட்டவர் அல்ல. நான் கண்மூடிய பிறகு இவளைக் குளிப்பாட்டப் போவது யார் என்று என்னைப் போலவே அவரும் கணக்குப் பார்க்கிறவர். சரி என்று சொல்ல நானும் இரண்டு தடவை வாயெடுத்திருக்கிறேன். வாயை மூடவைத்தது துணிவு இல்லை. சோம்பல் மாதிரி ஒன்று. இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போமே என்கிற இழுப்பு.

சேர்க்கப் போன அன்று பெரிய சிஸ்டரிடம் கேட்டேன். அவர் சிங்களவர், மன்னாரில் இருந்த காலத்தில் தமிழ் பழகியவர். மெதுவாகத்தான் பேசுவார். பிள்ளையின் வேலைகளைப் பிள்ளையே செய்யப் பழக்குவோம் என்றார். பல் துலக்க, சாப்பிட, உடுப்பு மாற்ற. நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "அதுக்கும்?" என்றேன். அவரும் தரையைப் பார்த்தார். "அதுக்கும் பழக்கலாம் அம்மா, நேரம் வரும்போது." நேரம் வரும்போது என்றால் வந்த பிறகு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று முதல் நான் ஒரு ஒற்றர்.

காலையில் நெற்றியில் திருநீறு பூசி அனுப்புவேன். பின்னேரம் நெற்றி வெறுமையாக வரும். துடைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அடுத்த நாள் நெற்றியில் பூசியதோடு, பின்கழுத்தில் முடிக்குக் கீழேயும் ஒரு கோடு இழுத்தேன். நெற்றியில் இல்லை, கழுத்தில் இருந்தது. ஆக, கண்ணுக்குத் தெரிந்தால் துடைக்கிறார்கள் என்று நினைத்தேன். முகம் கழுவுகிற பாடம் பத்து மணிக்கு நடக்கிறது என்று பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் கோடு இழுப்பதை நிறுத்தவில்லை. வாசல் படலையில் மாதா சிலை, காலடியில் பிளாஸ்டிக் ரோஜா. கை கழுவ ஒரு பாட்டு, செருப்பு மாட்ட ஒரு பாட்டு, எல்லாம் கோயில் மெட்டு. ஒரு சிஸ்டர் என் மகளின் மூக்கைச் சிந்தி விடுவதை ஒருநாள் பார்த்தேன். தன் கைக்குட்டையால். முகம் சுளிக்காமல். எனக்குப் பிடிக்கவில்லை. மூக்கைச் சிந்தி விடுகிற முறை எனக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். யாரோ என் வீட்டு அலுமாரியைத் திறந்தது போல இருந்தது.

பிள்ளைகளைத் தனியாக பஸ்ஸில் அனுப்ப முடியாத நாங்கள் ஏழெட்டுப் பேர், காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டு, பின்னேரம் வரை விறாந்தையில் ஒரு நீட்டு வாங்கில் உட்கார்ந்திருப்போம். நான் கையோடு ஜாக்கெட் கொண்டுபோய் கொக்கி தைப்பேன். எனக்குப் பக்கத்தில் கலேவெலயிலிருந்து விடியலில் பஸ் ஏறி வருகிற ஒரு முஸ்லிம் பெண். ஏழு வயது மகனைக் கொண்டுவருகிறவள். என்னைவிட மூத்தவள் என்பதால் அவர்கள் வழக்கப்படி ராத்தா என்று கூப்பிடுவேன். சிங்கள மீடியத்தில் படித்தவள். வாய் ஓயாது.

புதன்கிழமைகளில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பெரிய பெண்பிள்ளைகள் ஆறு பேரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு கடைசி அறைக்குள் போவார்கள். கதவு மூடிக்கொள்ளும். மற்ற எந்தப் பாடத்துக்கும் கதவு மூடுவதில்லை. உள்ளேயிருந்து சிரிப்புக் கேட்கும், பிறகு மெட்டு, பிறகு ஆறு குரலில் முன்னும் பின்னுமாக ஆமேன்.

"பாத்தீங்களா தங்கச்சி, இன்னைக்கும் போத்தல் போகுது" என்றாள் ராத்தா.

"என்ன போத்தல்?"

"செவப்பா ஒன்டு. துணியால மூடிக் கொண்டு போறா. இவங்கட சேர்ச்சில வைன் குடுப்பாங்க தானே, பூசைல."

"புள்ளைங்களுக்கா?"

"புள்ளைகளுக்குத்தான் தெரியாமக் குடுக்கலாம். எங்கட மகனுக்கு மட்டும் ஒரு சொட்டுக் குடுக்கட்டும், இந்த கேட்டக் கழட்டிக் கலேவெலக்கிக் கொண்டு போவேன்."

"பஸ்ல ஏத்த மாட்டாங்க ராத்தா."

"கண்டக்டர் நம்மட ஆள்."

சிரித்தோம். ஆனால் ஊசி என் விரலில் ஏறியிருந்தது. அன்றிலிருந்து புதன்கிழமை வீடு வந்ததும் மகளின் வாயைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். பருப்பும் பற்பசையும் மணக்கும். அவளும் என் வாயை முகர்வாள். அதை ஒரு விளையாட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

தினமும் அவள் பையில் ஒரு கொப்பி வரும். பெரிய சிஸ்டருக்குத் தமிழ் எழுத வராது, சிங்களத்தில் நாலைந்து வரி எழுதியிருப்பார். கீழே பெற்றோர் ஒப்பமிட ஒரு கோடு. சிங்களம் எனக்கு வாயில் ஓடும். கடையிலும் பஸ்ஸிலும் எவரோடும் மல்லுக்கு நிற்பேன். எழுத்தாக வந்தால் சுழி சுழியாக என்னைச் சுற்றவிடும். வாசிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கம். புத்தகமும் கையுமாகத் திரிகிறவள் என்று வாங்கில் எனக்கொரு பெயர் வேறு. ஆகவே நாள்தோறும் ஒப்பமிட்டேன். பிள்ளையின் கழுத்து, நெற்றி, வாய் எல்லாவற்றையும் சோதனை போட்டவள், அவர்கள் எழுதித் தந்த ஒரே கடதாசியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன்.

ஒரு புதன்கிழமை பின்னேரம் அவளைக் குளிப்பாட்ட உடுப்பைக் கழற்றினேன். உள்ளாடையில் கறை. கடும் நீலத் துணி. கறை கறுப்பாகத் தெரிந்தது. வாளியில் போட்டுச் சவர்க்காரம் தேய்த்துப் பிழிந்தேன். தண்ணீர் சிவந்தது.

எனக்குள் இரண்டு எண்ணம் ஒன்றாக எழுந்தன. முதல் எண்ணம் அந்த மூடிய கதவு. அந்த வளவுக்குள் வந்து போகிற ஆண்கள் எல்லாரும் வரிசையாக வந்து நின்றார்கள்: பால் கொண்டுவருகிறவர், வேலி வெட்டுகிறவர், ஞாயிறு பூசைக்கு வருகிற வயதான பாதர். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். அந்த எண்ணத்தோடு ஒரு நிமிடம்கூட உயிரோடு இருக்க முடியாது என்று தோன்றியது. அதனால் இரண்டாவதைப் பாய்ந்து பிடித்தேன். என் பிள்ளை பெரியபிள்ளையாகிவிட்டாள். அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

அண்ணனுக்கு போன் எடுத்தேன். "அண்ணே, புள்ள பெரியபுள்ளையாயிட்டா."

அவர் கேட்ட முதல் கேள்வி, "மணி என்ன?"

"நாலு இருபது."

"சரியாப் பாத்தியா? நிமிஷம் மாறுனா பலன் மாறிரும்."

நாலு இருபது என்று மறுபடி சொன்னேன். மாமன் ஸ்தானத்தில் அவர் குரல் தழுதழுத்தது. கர்ப்பப்பையை எடுக்கச் சொன்ன அதே வாய்.

அன்று பொழுது சாய்வதற்குள் அண்ணி வந்துவிட்டார். பக்கத்து வீட்டில் உலக்கை வாங்கி வாசலுக்குக் குறுக்கே போட்டார். அறை மூலையில் சாரியைத் திரையாகக் கட்டினார். தனிப் பாய், தனித் தட்டு, தனிக் கோப்பை. தண்ணி ஊற்றும் வரை பதினாறு நாள் வெளியே வரக்கூடாது. பச்சை முட்டையையும் நல்லெண்ணெயையும் வாயில் ஊற்றினார். மகள் அதை அப்படியே அண்ணியின் சேலையில் திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு கைகளைச் சேர்த்து, "ஆமேன்" என்றாள்.

"இது எந்த ஊரு வழக்கம்?" என்றார் அண்ணி, சேலையை உதறியபடி.

வியாழன் காலையில் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். யூனிபோம் போட்டு, பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று பூட்டி, பையை நெஞ்சோடு பிடித்து நின்றாள். உலக்கை வரை நடந்து வருவாள். அண்ணி திருப்புவார். மறுபடி வருவாள். பத்து மணிக்குத் தரையில் உட்கார்ந்து முகம் கழுவுகிற பாட்டைத் தானே முனகிக்கொண்டு வெறுங்கையால் முகத்தைத் தேய்த்தாள்.

வியாழன் முழுக்கத் துணி சுத்தமாக இருந்தது. வெள்ளி காலையும் சுத்தம். "மொத தடவ அப்படித்தான், எட்டிப் பாத்துட்டுப் போயிரும்" என்றார் அண்ணி. நான் தலையாட்டினேன். ஆனால் உதறித் தள்ளிய முதல் எண்ணம் திரும்பி வந்து நின்றது, இந்த முறை நகராமல். குளிக்க வைக்கும்போது தொடையில், இடுப்பில், முதுகில் விரல் விரலாகத் தேடினேன். காயம் இல்லை. அவளுக்குக் கூச்சம், நெளிந்து நெளிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக்கூட நான் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை அவளை அண்ணியிடம் விட்டுவிட்டு, அவள் பையை மட்டும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அங்கிருக்கும் அவள் சாமான்களை அள்ளிப் போட்டுக்கொண்டு ஒரேயடியாக வந்துவிடுவது என்று எண்ணம். அதற்கு முன்னால் ஒரு கேள்வி.

"புதன்கிழமை கதவ மூடிக்கிட்டு என் புள்ளைய என்ன செஞ்சீங்க?"

பெரிய சிஸ்டர் எழுந்து நின்றார். "உக்காருங்க அம்மா."

"உக்கார மாட்டேன்."

என் சத்தத்துக்கு வாங்கிலிருந்த ராத்தா ஓடிவந்து எனக்குப் பின்னால் நின்றுகொண்டாள். சண்டை என்றால் பக்கம் நிற்கவும், வேடிக்கை என்றால் பார்க்கவும் வசதியான இடம்.

சிஸ்டர் கடைசி அறையைத் திறந்து விட்டார். ஒரு மேசை, மூடி போட்ட ஒரு குப்பை வாளி, ஒரு அடுக்குப் பழைய பேப்பர். மேசையில் கறுப்பு நூலால் முடி வைத்த ஒரு துணிப் பொம்மை, கவுனுக்குக் கீழே பொம்மை அளவில் தைத்த உள்ளாடை. பக்கத்தில் அந்த போத்தல். மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேரே பிடித்தார். ஈர மண்ணும் கிழங்கும் மணத்தது.

"பீட்ரூட்" என்றார். "அவிச்ச தண்ணி."

பிறகு மெதுவாக, சொல் சொல்லாகத் தேடிச் சொன்னார். முதல் மாதம் பொம்மைக்குப் பேட் வைத்துப் பழகினார்கள். பிறகு தங்களுக்கு, காய்ந்த பேட். நனைந்ததும் கழற்றுவது, பேப்பரில் சுற்றுவது, வாளியில் போடுவது, கை கழுவுவது. "ஈரம் பட்டா உங்க மகள் பயந்து கழட்டி வீசுவா. அதனால போன புதன் கொஞ்சம் பீட்ரூட் தண்ணி விட்டுப் போட்டுப் பழக்கினோம். வீசல. நல்லா செஞ்சா. கொஞ்சம் உடுப்பில பட்டிட்டு. கொப்பில எழுதினேனே அம்மா."

கொப்பி. என் தோளில் தொங்கிய பையில்தான் இருந்தது. எடுத்தேன், விரித்தேன், சுழிகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, ராத்தா மெல்ல அதை என் கையிலிருந்து வாங்கி, சிங்களத்தைத் தமிழாக்கிக்கொண்டே வாசித்தாள். "புதன்: பேட்டக் கையால தொட்டுப் பாத்தா. சிரிச்சா." பக்கத்தைப் புரட்டினாள். "புதன்: பொம்மைக்கி மூணு தரம் மாத்தினா." இன்னொரு பக்கம். "அடுத்த மாசம் ஈரத்தோட பழக்கப் போறோம். அம்மாவுக்கு விருப்பமில்லாட்டி எழுதுங்க." கடைசியாகப் போன புதன்: "உடுப்பில கறை. பயப்படாதீங்க, பீட்ரூட்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "போன புதன் மட்டுந்தான் பாக்கி. மத்த எல்லாத்துக்கும் நீங்க சைன் வச்சீக்கீங்களே தங்கச்சி." பிறகு என் காதோடு, "அப்ப வைன் இல்ல."

நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. எனக்கு வந்தது கோபம். "தமிழ்ல ஒரு வார்த்த வாயால சொல்லியிருக்கலாமே சிஸ்டர்."

"சொல்ல வந்தா அம்மாமார் முகத்தைத் திருப்புவாங்க. அதனால எழுதுறது. நீங்களும் அன்னைக்கு அந்தச் சொல்லைச் சொல்லல. 'அதுக்கும்'னு தான் கேட்டீங்க."

உண்மைதான். ஆனாலும் விடவில்லை. "பேட் மாத்துறதுக்கு எதுக்கு ஆமேன்?"

"ஒரு வேலை முடிஞ்சதுன்னு அவங்களுக்குத் தெரியணும். இல்லாட்டி கழுவிக்கிட்டே இருப்பாங்க." போத்தலை மூடிக்கொண்டே, "எங்களுக்கு அது ஜெபமும்தான். பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காக அவரை நம்பலாம் என்று தோன்றியது. அதே வாக்கியத்துக்காக நம்பாமலும் இருக்கலாம். சாமான்களை அள்ளவில்லை. வெறும் பையோடு பஸ் ஏறினேன்.

வீட்டில் அண்ணனும் வந்திருந்தார், மேசையில் ஜோசியரின் தாளோடு. நான் நடந்ததைச் சொல்லிமுடித்ததும் அண்ணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார், தோள் குலுங்கியது. அண்ணன் சிரிக்கவில்லை.

"கெழங்குத் தண்ணிக்கா நான் ஜாதகம் எழுதினேன்?"

"எனக்குத் தெரியலண்ணே."

"தோட்டம் முழுக்கச் சொல்லியாச்சு. கோயில் மண்டபம் சொல்லியாச்சு. இப்ப போயி, பீட்ரூட்டுன்னு சொல்லவா?" எழுந்து நடந்தார். "பொம்பளப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு என்ன படிப்பு இது? இனி அந்தப் பக்கம் போகக்கூடாது."

திரைக்குப் பின்னால் யூனிபோம் போட்ட கால் இரண்டு தெரிந்தது. நான் அண்ணனோடு பேரம் பேசியது வாழ்க்கையில் அன்று ஒரு தடவைதான். சடங்கு நடக்கட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன், மாமன் சீரோடு நீங்கள் நிமிர்ந்து நில்லுங்கள். ஆனால் திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போவாள், யாரும் பார்க்காத மாதிரி நான் கூட்டிப்போவேன். அவர் உலக்கையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். கௌரவம் அவர் பக்கம் கனத்தது. "சரி. ஆனா சடங்கு முடிஞ்சதும் கண்டிக்குப் போய் அந்த டாக்டர ஒரு தடவ பாக்கணும். அதுக்கு மறுக்கக் கூடாது."

"பாப்போம்" என்றேன்.

மேசையில் கிடந்த தாளை அப்போதுதான் வாசித்தேன். நாலு இருபதுக்குச் சமைந்த பெண்ணுக்குப் புத்திர பாக்கியம் உண்டு என்று எழுதியிருந்தது.

சடங்கு நடந்தது. என் மகளுக்குச் சேலை பிடித்திருந்தது, வளையல் பிடித்திருந்தது, எல்லாரும் தன்னையே பார்ப்பது மிகவும் பிடித்திருந்தது. ஆலாத்தி சுற்றி முடிந்ததும் கைகளைச் சேர்த்து மண்டபம் முழுக்கக் கேட்கும்படி "ஆமேன்" என்றாள். மேளக்காரர் கை அந்தரத்தில் நின்றது. "என்னா சொல்லுது புள்ள?" என்று முன்வரிசையில் ஒரு கிழவர் கேட்டார். "ஆமா மாமேன்னு சொல்லுது" என்றார் அண்ணி, கண் இமைக்காமல். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் கண்டிப் பயணம் இன்னும் ஒரு மைல் கிட்ட வந்தது.

அதற்குப் பிறகு நாலு மாதம் கதவு புதன்தோறும் மூடியது. நான் வாங்கில் இருந்தேன். சிஸ்டர் இப்போதெல்லாம் எழுதியதை எனக்கு வாயாலும் சொல்வார். சொல்லும்போது அவர் கண்ணைப் பார்ப்பேன், எதையாவது விட்டுவிட்டுச் சொல்கிறாரோ என்று. பழக்கம் போகவில்லை. அண்ணன் போனில் கண்டிக்குப் போக இரண்டு தரம் நாள் சொன்னார். நான் மழை என்றேன், காய்ச்சல் என்றேன். மூன்றாம் தரம் அவர் என்னைக் கேட்கவில்லை. வரும் செவ்வாய்க்கு வேன் பேசியாகிவிட்டது என்று மட்டும் சொன்னார். எனக்கும் களைத்துப் போயிருந்தது. போய்த்தான் பார்ப்போமே, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வருவோம் என்று அவளுடைய கிளினிக் அட்டைகளைத் தேடி எடுத்து ஒரு உறையில் போட்டேன்.

அதற்கு முந்திய ஞாயிறு. பகல். நான் மெஷினில் இருந்தேன். அவள் கழிப்பறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, அலுமாரியைத் திறந்தாள், பள்ளிக்கூடத்தில் தந்திருந்த சிறிய பையை எடுத்தாள், மேசையிலிருந்து பழைய பேப்பரில் ஒரு தாளைக் கிழித்தாள், மறுபடி உள்ளே போனாள். என் கால் மெஷினில் நின்றுவிட்டது. உள்ளேயிருந்து அந்த மெட்டு. தண்ணீர்ச் சத்தம். அவசரமில்லாத தண்ணீர். பிறகு, "ஆமேன்."

வெளியே வந்து கை இரண்டையும் எனக்கு முன்னால் நீட்டினாள். உள்ளங்கை, புறங்கை. சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிற மாதிரி. பார்த்தேன். சரியாக இருந்தது. அவள் போய் டிவி போட்டுக்கொண்டாள்.

நான் உள்ளே போனேன். வாளியில் பேப்பர்ப் பொட்டலம், நாலு பக்கமும் மடித்து. மூடியிருந்ததை நான் பிரித்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பிரித்தேன், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்தேன்.

மண் மணக்கவில்லை. கிழங்கு மணக்கவில்லை.

நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைக் கூப்பிடவில்லையே என்று முதலில் தோன்றியது. பயந்து அலறி, "மா" என்று ஓடிவந்து என் மடியில் விழுவாள் என்றும், நான் அவளைக் கழுவித் துடைத்துத் தேற்றுவேன் என்றும் பன்னிரண்டு வருடமாக ஒரு காட்சியை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன் போலும். அதில் எனக்கு ஒரு வேலை இருந்தது. அவள் அதை என்னிடம் கேட்காமலேயே முடித்துவிட்டாள். யாரோ பழக்கியிருக்கிறார்கள், நான் பழக்கவில்லை. பொறாமையாக இருந்தது. அதற்குக் கீழே எங்கேயோ பெரிய சந்தோஷம் ஒன்று மூச்சு முட்டிக் கிடந்தது.

சுவரில் மணி தெரிந்தது. பார்த்தேன். எத்தனை என்று யாருக்கும் சொல்லப்போவதில்லை.

அண்ணனுக்கு போன் எடுத்தேன். "செவ்வாய்க்கிழம நாங்க வரல."

"இந்தத் தடவ என்னா? வெள்ளமா?"

"இல்லண்ணே. அவளுக்கு வந்திருச்சு. நெசமாவே. தானே பாத்துக்கிட்டா."

அவர் குரல் தணிந்தது: "ஒரு தடவ செஞ்சா எல்லாத் தடவையும் செய்வாளா?"

"தெரியாது."

"நீ இல்லாத காலத்துல?"

"அதுவும் தெரியாது."

"தெரியாம எப்படி வேணாங்குற?"

"தெரியாமத்தானே வெட்டச் சொன்னீங்க."

"வேன்காரனுக்கு நான் என்னா சொல்லுறது?" என்றார்.

"வேணாம்னு சொல்லுங்க."

"வேணாம்னா, இந்தச் செவ்வாயா, எப்பவுமா?"

"எப்பவும்."

அவர் போனை வைத்துவிட்டார். நான் குழாயடிக்குப் போனேன். சின்ன வாளியில் அவளுடைய உள்ளாடை ஊறிக்கொண்டிருந்தது. அதையும் அவளே ஊறப் போட்டிருக்கிறாள். குனிந்து கையை விட்டேன், கசக்கித் துவைத்துப் போடலாம் என்று. எப்போது டிவியை விட்டு எழுந்து வந்தாளோ, பின்னால் நின்றவள் என் கையைப் பிடித்து வாளிக்கு வெளியே எடுத்து வைத்தாள். குந்தினாள். சவர்க்காரத்தை எடுத்தாள். நான் தள்ளி நிற்கிறேனா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.